மாட்டை எண்ணும் முன் ஊற்றைப் பார்

ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கும் கலப்பின ஜெர்சி பசு, அதே நாளில் 20 முதல் 25 கிலோ சாணமும் 10 முதல் 15 லிட்டர் மூத்திரமும் போடுகிறது. பாலுக்குக் கேன் இருக்கிறது, சொசைட்டி இருக்கிறது, கொழுப்பு பார்த்துக் கணக்கு எழுத நோட்டும் இருக்கிறது. மற்றதற்கு நீலகிரியில் பெரும்பாலும் சரிவு ஒன்றுதான் இருக்கிறது. மழை வந்தால் அது கேட்காமலே சுமந்துகொண்டு போய்விடும்.

எங்கே போகிறது என்பதைச் சொல்ல வரைபடம் வேண்டாம். ஊட்டி குடிப்பது பார்சன்ஸ் வேலி அணைத் தண்ணீர். குன்னூருக்கு ரேலியா அணை. குந்தா ஆறும் பவானியும் இறங்கிப் பில்லூர் அணையில் சேர்ந்து கோயம்புத்தூர் குழாய்களுக்குப் போகின்றன. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். உங்கள் கொட்டகைக்கு இருநூறு அடி கீழே இருக்கும் ஹட்டியின் (படகர் சிற்றூர்) ஊற்றுதான் முதலில் வாங்கிக்கொள்ளும். அந்த ஊற்றிலிருந்துதான் அங்கே குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கிறார்கள்.

பால் பண்ணை வைக்கிறவர்கள் முதலில் தேடுவது கொட்டகைக்கு மட்டமான இடம். மலையில் மட்டமான இடம் எங்கே கிடைக்கும்? பள்ளத்தில், ஓடையோரத்தில். தண்ணீரும் கைக்கெட்டும் தூரம். அங்கேயே கொட்டகை, அதற்குப் பின்னால் எருக்குழி. அத்தோடு திட்டம் முடிந்துபோகிறது. பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் இந்த முதல் பிழையை ஈடுகட்ட முடிவதில்லை. ஓடையோரத்துச் சாணத்தை மேட்டு வயலுக்குச் சுமந்து ஏற்ற ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் கூலி கட்டாது. ஒரு மண்வெட்டித் தள்ளலில் ஓடைக்குள் போய்விடும் பொருளை யார் தலையில் வைத்து ஏற்றுவார்கள்?

அதனால் நிலத்தை ஓடையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பிரிக்க வேண்டும். எத்தனை மாடு என்பது அந்தப் பிரிப்பின் கடைசியில் வரும் விடை. அதை முதலிலேயே முடிவு செய்துவிட்டுப் பிறகு நிலத்தை அதற்கு வளைப்பதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது.

முதலில் மூட்டைக் கணக்கு. எட்டு லிட்டர் பசுவுக்கு வழக்கமான விகிதத்தில் (உடம்புக்கு ஒன்றரை கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ) நாளைக்கு நாலரை கிலோவுக்குச் சற்று மேல், மூட்டையில் வாங்கும் அடர்தீவனம் போகும். 300 நாள் கறவை, மிச்ச நாள் வற்றிய காலம் என்று கூட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1500 கிலோ. 20 சதவீதப் புரதம் உள்ள தீவனம் என்றால் அதில் 48 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ. அந்தப் பசு ஆண்டில் கொடுக்கும் 2400 லிட்டர் பாலில் வெளியே போவது 12 முதல் 13 கிலோ தழைச்சத்தும் இரண்டேகால் கிலோ பாஸ்பரசும்தான். மிச்சம் 35 கிலோ தழைச்சத்தும் ஏழரை கிலோ பாஸ்பரசும் உங்கள் நிலத்தில் இறங்கிவிட்டன. சமவெளியில் எங்கோ விளைந்த மக்காச்சோளமும் புண்ணாக்கும் லாரியில் மலையேறி, மாட்டின் வயிறு வழியாக இந்தச் சரிவில் வந்து சேர்கின்றன. ஒரு மாட்டுக்கு ஓராண்டுக்கு இவ்வளவு. பத்து ஆண்டுக்கு, ஐந்து மாட்டுக்கு, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

தோடர் எருமைகள் எத்தனையோ தலைமுறையாகச் சதுப்போரம் மேய்ந்தனவே, அப்போது தண்ணீர் கெடவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்த எருமைகள் தின்றது இந்த மலையின் புல், போட்டதும் இந்த மலையிலேயே. வெளியிலிருந்து ஒரு மூட்டையும் ஏறவில்லை. மேய்ந்த பரப்பும் பெரிது. இன்றைய கொட்டகை மாட்டை அந்த எருமையோடு ஒப்பிடுவது செல்லாது.

வாங்கிய தீவனம், அறுத்த புல் இரண்டும் சேர்த்துப் பார்த்தால் பசு ஒன்று ஆண்டுக்குச் சாணத்திலும் மூத்திரத்திலுமாகக் கழிப்பது ஏறத்தாழ 60 கிலோ தழைச்சத்து. ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கொண்டுவந்த நைட்ரேட் விதி, தண்ணீர் கெட வாய்ப்புள்ள பகுதிகளில் கால்நடை எரு வழியாக ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோவுக்கு மேல் தழைச்சத்து போடக் கூடாது என்கிறது. ஏக்கருக்கு மாற்றினால் 69 கிலோ. அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ள நல்ல எண். எரு ஏற்கும் நிலம் ஒரு ஏக்கருக்கு ஒரு கறவை மாடு. இரண்டு வயதுக் கிடாரியை அரை மாடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்றுகளை எண்ணாமல் விடுவதுதான் இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் ஏமாற்று.

இங்கே ‘எரு ஏற்கும் நிலம்’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். பட்டாவில் உள்ள ஏக்கர் வேறு, எரு ஏற்கும் ஏக்கர் வேறு. ஓடையோரம், சதுப்பு, வீடு, பாறை, செங்குத்துச் சரிவு எல்லாவற்றையும் கழித்த பிறகு நிற்பதுதான் கணக்கில் வரும்.

கெடுதல் எந்த வழியில் தண்ணீரை அடைகிறது என்று தெரிந்தால் எந்த இடத்தில் எதைத் தடுப்பது என்பது தானாகவே விளங்கும். தழைச்சத்து நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்குகிறது. மேலே எத்தனை வரப்பு போட்டாலும் அது அடியில் போய் ஊற்றில் வெளிவரும். வேரில்லாத வெற்று மண்ணில்தான் அதிகம் இறங்கும். பாஸ்பரஸ் வேறு குணம். நீலகிரியின் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், எளிதில் கரைய விடாது. ஆகவே அது மண்ணோடு மண்ணாகச் சரிவில் உருண்டு வருகிறது. மண் அரிப்பைத் தடுத்தால் பாஸ்பரசின் பெரும்பகுதியைத் தடுத்த மாதிரி. மூன்றாவது கிருமி. சாணத்திலிருந்து வரும் கிருமிக்கு மழை பெய்யும் அந்த ஒரு மணி நேரம் போதும். குடிநீருக்கான இந்தியத் தரம் நைட்ரேட்டை லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை ஒப்புக்கொள்கிறது. சாணக் கிருமியான ஈ.கோலை என்றால் 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பத்து மாட்டுக் கொட்டகை வேண்டாம், ஓடைக்குள் இறங்கித் தண்ணீர் குடிக்கும் ஒரே மாடு போதும் அந்தத் தரத்தை உடைக்க.

நிலத்தை அளக்க நல்ல நாள், நல்ல மழை நாள். நில அளவைப் புலப்படத்தின் நகல் ஒன்றும் பென்சிலும் குடையும் எடுத்துக்கொண்டு, மழை வலுக்கும் நேரத்தில் கீழிருந்து மேலே நடக்க வேண்டும். வெயிலில் தெரியாத பத்து நீர்வழிகள் அப்போது தெரியும். சாலையோரச் சிறுபாலத்துத் தண்ணீர் உங்கள் நிலத்துக்குள் கொட்டுகிறதா, மேல் தோட்டத்து வடிகால் எங்கே உடைகிறது, மாடு நடக்கும் தடம் வாய்க்காலாக மாறுகிறதா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துச் சரிவை எடுக்கலாம். கிடையாகப் பத்து மீட்டருக்கு இரண்டரை மீட்டர் இறங்கினால் 25 சதவீதம். சதவீதத்தையும் டிகிரியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 33 சதவீதம் என்பது 18 டிகிரிதான், கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும்.

15 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் காய்கறியும் மேய்ச்சலும் தாங்கும். அதிலிருந்து 33 வரை படிமட்டம் வெட்டித்தான் பயிர் செய்ய வேண்டும், அதுவும் படி உள்நோக்கிச் சற்றே சாய்ந்து, உள்பக்கம் வடிகாலோடு. வெளிநோக்கிச் சாய்ந்த படி ஒரு மழைக்காலத்தில் தன் விளிம்பைத் தானே தின்றுவிடும். படி வெட்டாத இடத்தில் அறுத்துப் போடும் புல் வைக்கலாம். 33க்கு மேல் மாட்டின் குளம்பே படக் கூடாது. தேயிலை, குவாதமாலா புல், மரம் ஆகியவற்றுக்கு விடுங்கள். 50ஐத் தாண்டினால் மரத்தைத் தவிர எதையும் யோசிக்க வேண்டாம். படிமட்டம் புதிதாக வெட்ட ஜேசிபி இறக்குவதற்கு இந்த மாவட்டத்தில் முன் அனுமதி வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கு போடும்போதே நினைவில் வையுங்கள்.

இனி ஓடை. கரையிலிருந்து இரண்டு பக்கமும் 15 மீட்டர் பட்டை விடுவது நல்லது. சரிவு குறைவாக இருந்தால் பத்து மீட்டராவது விட வேண்டும். இதைக் கேட்டதும் ‘அவ்வளவு நிலம் வீணா’ என்பார்கள். வீணில்லை, இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். தண்ணீரை ஒட்டிய ஐந்து மீட்டரில் கை வைக்காதீர்கள். நாணலும் கோரையும் சோலைச் செடிகளும் தாமாக வரட்டும். சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மட்டும் தலைகாட்டினால் பிடுங்கிவிடுங்கள். அதற்கு மேலுள்ள பத்து மீட்டரில் குவாதமாலா மாதிரிப் புதர்ப்புல்லைச் சமஉயர வரிசையில் நெருக்கமாக நட்டு, அறுத்து மாட்டுக்குப் போடலாம். அறுத்து வெளியே எடுப்பதுதான் இங்கே முக்கியம். மேலிருந்து வரும் மண்ணும் பாஸ்பரசும் அந்தப் பட்டையில் தங்குகின்றன. புல்லை அறுக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் பட்டையே நிரம்பி, வாங்கியதைத் திருப்பி விடத் தொடங்கும். இந்தப் பட்டைக்கு எரு, உரம் எதுவும் போடக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பட்டை தோற்கும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் பரவி வந்தால்தான் புல் அதை வடிகட்டும். மாட்டுத் தடமோ வரப்பு உடைப்போ ஒரே இடத்தில் தண்ணீரைத் திரட்டிவிட்டால், 15 மீட்டர் அகலப் பட்டையையும் ஒரு சாண் அகல வாய்க்காலாக அறுத்துக்கொண்டு நேரே ஓடைக்குப் போய்விடும். மற்ற புல்லெல்லாம் வெறும் அலங்காரமாக நிற்கும். மழைநாளில் குறித்த நீர்வழிகள் இங்கேதான் உதவும். திரண்டு வரும் ஒவ்வொரு வழியிலும் பட்டைக்கு மேலேயே கல் அடுக்கி, ஒரு முழ ஆழத்தில் சிறு குழி வெட்டி, தண்ணீரை நிறுத்திப் பக்கவாட்டில் பரவ விட வேண்டும். அந்தக் குழியில் சேரும் வண்டலை ஆண்டுக்கு இரண்டு முறை அள்ளித் தேயிலைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சதுப்பு இன்னும் அருமையான பொருள். மழையைக் குடித்து வைத்திருந்து பிப்ரவரி, மார்ச்சில் ஊற்றுக்குக் கொடுப்பது அதுதான். அதை வடித்துக் கேரட் போட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று போகம் அமோகமாக விளையும். காரணம், அந்தக் கறுப்பு மண்ணில் சேர்ந்திருந்த மட்கு காற்றுப் பட்டுச் சிதைந்து தழைச்சத்தை விடுவிக்கிறது. விளைச்சலாகத் தெரியும் அதே பொருளின் மறுபாதி ஊற்றில் நைட்ரேட்டாக இறங்குகிறது. சில ஆண்டுகளில் மண் தாழ்ந்து, வளம் தீர்ந்து, கோடைத் தண்ணீரும் நின்றுபோகும். தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூடச் சதுப்பில் மாடு விடாமல் இருக்க ஒரு காரணம் உண்டு. ஈரல் தட்டைப்புழுவைச் சுமக்கும் நத்தைகள் வாழ்வது அங்கேதான். சதுப்புப் புல் தின்ற மாடு தாடை வீங்கி, இளைத்து, பால் குறைந்து நிற்கும். குளம்பு அழுகலும் அங்கிருந்தே வரும். வேலி போடும் செலவைப் புழு மருந்துச் செலவிலிருந்து கழித்துப் பாருங்கள்.

பனியும் இதே கட்சிதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி இறங்குவது பள்ளத்தில். குளிர்காற்று கனமானது, தாழ்விடம் தேடித் தங்கும். பள்ளத்து நேப்பியர் தீவனப்புல் ஒரே இரவில் வெந்த மாதிரி கருகும்போது, அதே நிலத்தின் நடுச்சரிவில் புல் பச்சையாக நிற்கும். ஆகப் பள்ளத்தைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு, தீவனத்தை நடுச்சரிவில் வைப்பது தியாகம் ஒன்றும் இல்லை. விவசாயக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

கொட்டகையை நிலத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு முடியும் உயரத்தில் வையுங்கள். ஓடையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் குறைந்தது 30 மீட்டர். புல்லின் ஒரு பகுதி மேலிருந்து இறங்கி வரும். சாணமும் கழுவிய தண்ணீரும் கீழே உள்ள வயலுக்குத் தானாக இறங்கும். சுமை முழுவதும் இறக்கமாக அமைந்தால்தான் நாள் தவறாமல் வேலை நடக்கும்.

கொட்டகையில் இரண்டு தண்ணீர் உண்டு, அவை சந்திக்கவே கூடாது. கூரைத் தண்ணீர் சுத்தமானது. 40 சதுர மீட்டர் கூரையில் 1400 மில்லிமீட்டர் மழை பெய்தால் 56,000 லிட்டர். தகரக் கூரைக்குத் தாழ்வாரக் குழாய் போடாதவர்கள் இந்த 56,000 லிட்டரையும் சாணம் கிடக்கும் முற்றத்தில் இறக்கி, சுத்தத் தண்ணீரைச் சாக்கடையாக்கி, பிறகு தொட்டி நிரம்பி வழிகிறதே என்று தலையில் கை வைக்கிறார்கள். ஆயிரம் செலவுகளை விட்டுவிட்டு முதலில் செய்ய வேண்டியது இந்தக் குழாய்தான். அந்தத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்தால் கொட்டகை கழுவ ஓடைக்குப் போகவே வேண்டாம். கொட்டகைக்கு மேல்பக்கம் ஒரு வெட்டுவாய்க்கால் எடுத்து, சரிவிலிருந்து வரும் தண்ணீரையும் சுற்றிவிட வேண்டும்.

தரை நாற்பதுக்கு ஒன்று என்ற சாய்வில், பின்பக்கம் ஒரு அடி அகல வழவழப்பான வடிகாலோடு. காலையில் ஹோஸைத் திறக்கும் முன் சாணத்தை வழித்து எடுத்துவிட வேண்டும். வழிக்காமல் நேரே அடித்துக் கழுவினால் மாட்டுக்கு 40, 50 லிட்டர் தண்ணீர் போகும், அத்தனையும் கரைசலாகும். வழித்துவிட்டுக் கழுவினால் 15 லிட்டர் போதும். மூன்று மாட்டுக்கு மூத்திரமும் கழுவிய தண்ணீருமாக நாளைக்கு 80 லிட்டர் என்று வைத்தால், ஒரு மாதம் தாங்க 2500 லிட்டர் தொட்டி வேண்டும். மழைக்காலத்தில் தொட்டிக்கு மூடி இல்லையென்றால் அளவெல்லாம் வீண். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட நாளுக்கு யாராலும் தொட்டி கட்ட முடியாது, மூடி போட முடியும்.

எருக்குழி விஷயத்தில் சமவெளிப் பழக்கம் இங்கே கெடுதல் செய்கிறது. ஆழமாகத் தோண்டினால் மலையில் பக்கவாட்டு ஊற்றுநீர் குழிக்குள் கசியும், குழியின் சாறு அதே வழியில் வெளியேறும். தரைமட்டத்துக்கு மேல் மூன்று பக்கம் கல்சுவர், அடியில் சிமென்ட் பூசிய தரை, மேலே தகரக் கூரை, சாறு வடிந்து மூத்திரத் தொட்டிக்குப் போக ஒரு சிறு வடிகால். இதுதான் பொருந்தும். மூன்று மாட்டுக்குக் கன மழைக்கால நான்கு மாதச் சாணம் ஒன்பது டன் வரும். ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு அறை அதைத் தாங்கும். இரண்டாவது அறை ஒன்று இருந்தால் ஒன்று மட்கும்போது மற்றது நிரம்பும். ஊட்டிக் குளிரில் மட்க ஐந்தாறு மாதம் ஆகும். சமவெளி மாதிரி மூன்று மாதத்தில் எடுத்தால் களை விதையும் கிருமியும் உயிரோடு வயலுக்குப் போகும். குவியலின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிகிறது என்றால் சருகு போதவில்லை, அல்லது மழை உள்ளே வருகிறது.

மூத்திரத்தை உறிஞ்சப் படுக்கைக்குச் சில்வர் ஓக் சருகு, காய்ந்த புல், மரத்தூள் எது கிடைத்தாலும் போடலாம், பெரணியைத் தவிர. பெரணி மலையெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது என்று அறுத்துப் படுக்கையாக்கும் வழக்கம் உண்டு. அதைத் தொடர்ந்து தின்ற மாடு ரத்த மூத்திரம் போகும், சிறுநீர்ப்பையில் புற்றும் வரும். அதன் நஞ்சு தண்ணீரில் கரையக்கூடியது, பாலிலும் இறங்கும். மேய்ச்சல் காட்டிலும் அதை வேரோடு எடுத்துவிட வேண்டும்.

சாண எரிவாயுக் கலன் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இரண்டு கனமீட்டர் கலனுக்கு நாளைக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். குளிரில் வாயு பாதி அளவுக்கும் கீழே குறையும். மலைக்கு 55 நாள் தேக்கம் உள்ள பெரிய வடிவத்தைத்தான் கட்ட வேண்டும். அது அடுப்புக்கு நல்லது, விறகை மிச்சப்படுத்தும். ஆனால் வாயுவாக வெளியேறுவது கரிமம்தான். தழைச்சத்தும் பாஸ்பரசும் கலங்கலில் அப்படியே இருக்கின்றன, இப்போது நூறு லிட்டர் திரவமாக. கலங்கலுக்கு வயல் இல்லாமல் கலன் கட்டுவது ஓடைக்குப் புதிதாக ஒரு குழாய் போடுவதற்குச் சமம்.

தீவனத்துக்கு வருவோம். கூடலூர் பக்கமும் கோத்தகிரி, குன்னூரின் கீழ்ச் சரிவுகளிலும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வரும். கோ-4, கோ-5 இரண்டும் பரவாயில்லை. சமவெளியில் ஹெக்டேருக்கு 375 டன்னுக்கு மேல் என்று சொல்லும் எண்ணை இங்கே மறந்துவிடுங்கள். குளிரும் மேகமும் சேர்ந்து அதில் கால்வாசிக்குக்கூட வராமல் போகலாம். ஏக்கருக்கு 30 டன் என்று வைத்துத் திட்டமிடுங்கள். பிறகு ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு சதுர மீட்டர் அறுத்து நிறுத்துப் பார்த்து, 4047ஆல் பெருக்கி, உங்கள் நிலத்துக்கான எண்ணை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். 1800 மீட்டருக்கு மேல் கிக்குயு புல், அதனுடன் வெள்ளை குளோவர். கிக்குயு கிழக்கு ஆப்பிரிக்க மலைப்புல். குளம்பு தாங்கும், மண்ணைக் கம்பளம் மாதிரிப் பிடிக்கும். அதே குணத்தால் சதுப்புக்குள்ளும் படர்ந்து ஓடையையே மூடிவிடும், ஆகவே ஓரப் பட்டையில் அதை விடக் கூடாது. ஒரு சாண் உயரத்தில் மேயவிட்டு நாலு விரல் உயரம் விட்டு மாட்டை மாற்ற வேண்டும். அதற்குக் கீழே மொட்டையாக மேய்ந்தால் அடுத்த மழையில் மண் போகும். கிக்குயு மட்டுமே தின்னும் மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் குறையும். நாளைக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை மறக்க வேண்டாம்.

தேயிலைத் தோட்டத்துக் களைப்புல்லை மாட்டுக்கு அறுக்கும்போது களைக்கொல்லி எப்போது அடித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மதிப்பில் இந்த மலைக்கு மிகவும் பொருத்தமான பயிர், அதிகம் பேர் போடாத பயிர், ஓட்ஸ். கார்போக (ஏப்ரலில் தொடங்கும் போகம்) உருளையோ கேரட்டோ எடுத்த பிறகு வெற்று மண்ணில் மிச்சமிருக்கும் தழைச்சத்தைத்தான் வடகிழக்கு மழை அடித்து ஊற்றில் இறக்குகிறது. கடைபோகம் என்ற அடுத்த போகம் போடாத படிகளில் செப்டம்பரில் ஏக்கருக்கு 40 கிலோ ஓட்ஸ் விதைத்தால் வேர் அந்தத் தழைச்சத்தைப் பிடித்துப் புல்லாக்கும். 60, 70 நாளில், பூக்கும் முன் அறுக்கலாம். தண்ணீருக்குப் போகவேண்டிய நைட்ரேட் மாட்டுக்குப் போகிறது, டிசம்பர் பனியில் பச்சை இல்லாத நேரத்துக்குத் தீவனமும் ஆகிறது. ஒன்று கவனம்: எருவும் யூரியாவும் அதிகம் வாங்கிய படியில், மேகமூட்ட நாட்களுக்குப் பிறகு உடனே அறுத்துப் போட்டால் ஓட்ஸிலேயே நைட்ரேட் நச்சு இருக்கும். இரண்டு நாள் வெயில் பார்த்து, வைக்கோலோடு கலந்து கொடுங்கள்.

மேயும் மாடு ஓடைக்கு இறங்குவது தண்ணீர் குடிக்க. மேட்டிலேயே தொட்டி வைத்தால் இறங்காது. மேல் ஊற்றிலிருந்து ஒரு அங்குல ஹோஸ், 300 லிட்டர் தொட்டி, மிதவை வால்வு. கறவை மாடு இந்தக் குளிரிலும் நாளைக்கு 40 லிட்டருக்கு மேல் குடிக்கும். இதில் கெடுவது மூன்று இடத்தில். ஹோஸ் வாயில் சருகு அடைக்கும், அதற்குக் கொசுவலைத் துணி கட்டிய கூடை போதும். மிதவையை மாடு முகத்தால் தள்ளி உடைக்கும், மேலே ஒரு பலகை மூடுங்கள். தொட்டியைச் சுற்றிச் சேறாகும், மூன்று மீட்டருக்குக் கல் பரப்பி, வழியும் தண்ணீரைக் குழாய் வழியாகத் தள்ளிவிடுங்கள். நான்காவது ஒன்றும் உண்டு, காட்டெருமை. அது ஹோஸை மிதிக்கும், வேலியைத் தாண்டும், தடுக்க முடியாது. ஹோஸை ஒரு அடி புதைத்துவிட்டு அதை மறந்துவிடுவதே நல்லது.

மாட்டுத் தடம் சரிவில் நேர்க்கீழாக இறங்கக் கூடாது. குறுக்காகச் சாய்ந்து இறங்கி, பத்து மீட்டருக்கு ஒரு குறுக்கு வாய்க்கால் தண்ணீரைப் புல்லுக்குள் திருப்பிவிட வேண்டும்.

எரு போடும் காலம் ஊருக்கு ஊர் மாறும். நடுவட்டம், எமரால்டு, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவம்தான் பெரிய மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எருக் கூடையைத் தொடக் கூடாது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் ஆபத்து. இரு பக்கத்துக்கும் பொதுவான நல்ல காலம் கார்போகத்துக்கு முன், மார்ச் கடைசி முதல் ஏப்ரல். காய்கறிக்கு ஏக்கருக்கு 6 முதல் 12 டன் மட்கிய எரு, போட்ட அன்றே மண்ணில் கலந்துவிட வேண்டும். மூத்திரத் தண்ணீரை ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, புல் அறுத்த மறுநாள், இரண்டு நாள் மழை இல்லை என்று தெரிந்த பிறகு விடலாம். சொந்த மாட்டெரு இருக்கும்போதே பழக்கத்தில் லாரிக் கோழி எருவும் வாங்கிப் போடும் படிகளில் பாஸ்பரஸ் மலைபோல் சேர்கிறது. மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ‘அதிகம்’ என்று வந்தால் கோழி எருவை நிறுத்துவதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரு நிலத்தில் வைத்துப் பார்ப்போம். கேத்தி பள்ளத்தாக்கு மாதிரியான சரிவில் மூன்று ஏக்கர், கீழ் எல்லையில் 80 மீட்டர் நீளத்துக்கு ஓடை. ஓடைப் பட்டை 15 மீட்டர் அகலத்தில் 30 சென்ட். சதுப்பு 20 சென்ட். வீடு, கொட்டகை, தடம் 20. செங்குத்தில் குவாதமாலாவும் மரமும் 30. தேயிலை 80. நடுச்சரிவில் தீவனப்புல் 60. படிமட்டக் காய்கறி 60. எரு ஏற்பவை கடைசி மூன்றும், ஆக இரண்டு ஏக்கர். ஏக்கருக்கு ஒன்று என்ற அளவில் இரண்டு கறவை மாடு. இப்போது தீவனப் பக்கம்: மாட்டுக்கு நாளைக்கு 30 கிலோ பச்சை என்றால் இரண்டுக்கு ஆண்டில் 22 டன். 60 சென்ட் புல்லில் 18 டன், பாதிப் படிகளில் ஓட்ஸ் மூன்று டன்னுக்கு மேல், குறைவுக்குக் குவாதமாலா. சாணக் கணக்கும் புல் கணக்கும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

இரண்டு மாட்டில் குடும்பம் நடக்குமா என்ற கேள்வி வரும், வரவேண்டும். மூன்றாவது மாடு வைக்கலாம், அதன் சாணம் நிலத்தை விட்டு வெளியே போகும் என்றால். ஒரு மாட்டின் ஓராண்டுச் சாணம் எட்டு டன், மட்கினால் நாலு டன். பக்கத்துக் கேரட்காரருக்கு அது வேண்டும். அவர் கோழி எருவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை உங்களுக்குக் கொடுக்கத் தயங்க மாட்டார். அந்த ஏற்பாட்டை மாடு வாங்கும் முன் பேசி முடிக்க வேண்டும். அதைவிடச் சிறந்த வழி, ஐந்து லிட்டர் மாடு இரண்டை விற்றுப் பத்து லிட்டர் மாடு ஒன்று வைப்பது. பால் அதே, உடம்பைத் தாங்க மட்டும் தின்னும் தீனி ஒரு மாட்டளவு மிச்சம், கழிவும் அதற்கேற்பக் குறைவு. தலை எண்ணிக்கையைக் காட்டிக் கடன் வாங்கும் வழக்கம் இதற்கு எதிராக இருப்பது தனிக் கதை.

செய்தது பலிக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வரை போகவேண்டியதில்லை, தொடக்கத்துக்கு. ஓடைக் கற்களைப் புரட்டிப் பாருங்கள். மூன்று வாலோடு, வயிற்றோரம் செவுள் ஆட ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிக் குஞ்சுகள் இருந்தால் தண்ணீர் மூச்சுவிடுகிறது. சிவப்புப் புழுவும் வழவழப்புப் பாசியும்தான் என்றால் மேலே ஏதோ கசிகிறது. கிருமிக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி மலிவானது. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், சாணக் கிருமி இருந்தால் கறுக்கும். நைட்ரேட்டுக்கு நிறம் மாறும் பட்டை கிடைக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டிய நாள், நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் பெருமழையின் மறுநாள். உங்கள் நிலத்துக்குள் ஓடை நுழையும் இடத்தில் ஒரு குப்பி, வெளியேறும் இடத்தில் ஒரு குப்பி. இரண்டும் கறுத்தால் மேல் தோட்டக்காரரோடு உட்கார்ந்து பேச வேண்டும். மேல் குப்பி தெளிந்திருந்து கீழ்க் குப்பி மட்டும் கறுத்தால், தேடலை எருக்குழியின் கீழ்ச்சுவரிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு கல் பெயர்ந்திருக்கும்.